பதினைந்து நாள் உள்ளே, பதினைந்து நாள் வெளியே

ஜூன் 3, திங்கள்

தமயந்தியை இன்று காலை உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மூன்று மாதம் ஆகும் என்று சொல்லியிருக்கிறாள். பிரசவம் என்றால் துணைக்கு அம்மா வேண்டும் அல்லவா. வழக்கப்படி இங்கே நடக்க வேண்டியது, இந்த முறை அங்கே நடக்கிறது. அவ்வளவுதான் விஷயம். இதில் எழுத ஒன்றுமில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவள் பேசியது முழுக்கப் பனைகளைப் பற்றித்தான். "தண்ணிய நெனச்சப்பெல்லாம் ஊத்தாதீங்க. மண்ணுக்குள்ள வெரல விட்டுப் பாருங்க. ரெண்டு கணு வரைக்கும் காஞ்சிருந்தா ஊத்துங்க." சரி என்றேன். "பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா உள்ள இருக்கறத வெளிய, வெளிய இருக்கறத உள்ள மாத்தோணும். மறந்துறாதீங்க." சரி என்றேன். "எல்லாம் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்." மூன்றாவது முறையும் சரி என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைத் தோட்டக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டைச் சாத்தும்போது மணி ஒன்பது. அதன் பிறகு நாள் நகரவே இல்லை.

ஜூன் 5, புதன்

எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது தொட்டி. அரேகா பனை ஆறு. அதில் மூன்று ஹாலில், மூன்று பக்கவாட்டில் வெயில் தடுக்கும் பச்சை வலைக்கு அடியில். லேடி பாம் நான்கு, பாட்டில் பாம் இரண்டு, விசிறிப் பனை மூன்று, பெயர் தெரியாத குட்டிகள் மூன்று. போர்டிகோ தூணை ஒட்டி, சிமென்ட் தொட்டியில், என்னைவிட உயரமாக ஒரு நரிவால் பனை. ஓலை சுற்றிலும் புசுபுசுவென்று நரியின் வால் மாதிரி இருப்பதால் அந்தப் பெயராம்.

முப்பத்து நான்கு வருடம் மில்லில் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். பஞ்சில் ஈரப்பதம் எட்டரை சதவீதமா ஒன்பதா என்று தினமும் கருவி வைத்துப் பார்த்துச் சொன்னவனிடம் விரலை விடச் சொல்கிறாள். மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வந்துவிட்டேன். கம்பியை மண்ணில் குத்தினால் முள் நகர்ந்து காட்டும். ஒரு அட்டவணையும் போட்டிருக்கிறேன்.

ஃப்ரிட்ஜ் காகிதத்தில் ஒரு வரி: 'நரிவால் தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது.' அடியில் இரண்டு கோடு வேறு. மழை என்ன தலையை விட்டுவிட்டு வேரில் பார்த்தா பெய்கிறது?

ஜூன் 9, ஞாயிறு

ரசம் வைத்தேன். பார்க்க ரசம் போலவே இருந்தது.

ஜூன் 17, திங்கள்

இன்று மாற்றும் நாள். ஹாலில் இருந்த மூன்று அரேகாவையும் வெளியே கொண்டுபோனேன். பச்சை வலைக்கு அடியில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறாள். வீட்டுக்குள் நிழலில் கிடந்ததை வெளியிலும் நிழலில் வைத்தால் அது என்ன மாற்றம்? மொட்டை மாடியில் நல்ல வெயில். இடுப்பு பிடித்துக்கொண்டாலும் மூன்றையும் மேலே ஏற்றிவிட்டேன். கொஞ்சம் வெயில் குடிக்கட்டும்.

ஜூன் 19, புதன்

மூன்றும் வெளுத்துவிட்டன. ஓலையெல்லாம் வெந்த காகிதம் மாதிரி இருக்கிறது. கீழே இறக்கினேன்.

தமயந்திக்கு ஃபோன் செய்து சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பெருமூச்சுதான் வந்தது. "உள்ளயே கெடந்தத ஒரே நாள்ல வெயில்ல தள்ளினா எப்படிங்க தாங்கும்? மொதல்ல வலைக்கு அடியில. அப்புறம் காலைல ஒரு மணி நேரம் வெயிலு. அப்புறந்தான் மத்ததெல்லாம்."

"உள்ளேயே வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"எந்தப் பனையும் வீட்டுக்குள்ளயே வாழாதுங்க. நாமதான் உள்ள வெச்சு அழகு பாக்கறோம். நாளைலருந்து தெனம் ஒரு ஃபோட்டோ அனுப்புங்க."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சிரிப்புதான். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. அங்கே அவளைத் தொட்டுவிட்டுத்தான் இங்கே வர வேண்டும். விசிறிப் பனைகளைச் சுவரோரம் நகர்த்திக் கயிறு கட்டினேன். நரிவால் மேல் ஒரே தூசி. ஃபோட்டோவில் மங்கலாகத் தெரியும் என்பதால் ஹோஸ் பைப்பால் உச்சி முதல் அடி வரை கழுவினேன். பளபளவென்று ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் இதைச் செய்யலாம் என்றிருக்கிறேன். அரை மணி நேரம் போகிறது.

ஜூலை 11, வியாழன்

காலை பத்து இருபதுக்குத் தமயந்தி கூப்பிட்டாள்.

"பையனுங்க. மூணு கிலோ நூறு."

"சரி."

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க."

"சரி."

"வேற ஒண்ணும் கேக்கலீங்ளா?"

சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் வைத்துவிட்டாள். அட்டவணையைப் பார்த்தால் இன்று எல்லாத் தொட்டிக்கும் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். முதல் தடவை ஊற்றியது நினைவில்லை.

ஜூலை 12, வெள்ளி

கடைவீதிக்குப் போனவன் என்ன நினைத்தேனோ, அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிவிட்டேன். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கொடுத்தால் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். இப்போது ஃப்ரிட்ஜில் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை.

ஜூலை 30, செவ்வாய்

நரிவாலின் நடுவில், இன்னும் விரியாமல் ஈட்டி மாதிரி நிற்குமே குருத்து, அது மூன்று வாரமாக அப்படியே நிற்கிறது என்று தோன்றியது. ஸ்டூல் போட்டு ஏறி லேசாகத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பாகக் குழைந்து, செத்த எலி நாற்றம். கையை நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. முதலில் என்னவென்று விசாரிப்போம்.

ஜூலை 31, புதன்

குருத்தை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூர் ரோட்டில் இருக்கும் நர்சரிக்குப் போனேன். தமயந்தி எப்போதும் வாங்குகிற இடம். நடத்துகிறவர் துளசிமணி என்கிற அம்மிணி. பிரித்துப் பார்த்து, மூக்கைச் சுளித்து, மறுபடி சுற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"தலைல தண்ணி ஊத்துனீங்ளா சார்?"

"தூசியாக இருந்தது, கழுவினேன்."

"தெனமுமா?"

நியூஸ் பேப்பரை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"மழை பேஞ்சா வெயிலும் காத்தும் காய வெச்சுரும். நீங்க தெனம் சாயங்காலம் ஊத்துனா ராத்திரி பூரா அதுக்குள்ளயே நிக்கும். அழுகாம என்ன பண்ணும்? அரேகா மாதிரி அடியில நாலு கன்னு வெடிக்கற சாதி இல்லீங் சார் இது. ஒத்தத் தண்டு, ஒத்தக் குருத்து. குருத்து போச்சுன்னா அவ்வளவுதானுங்க."

"ஓலையெல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது?"

"அது இருக்கும். மூணு மாசம், நாலு மாசம் பச்சையாத்தான் நிக்கும். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது." பிறகு, "அக்கா எங்கீங்க? ஊர்ல இல்லீங்ளா?" என்றார்.

பிரசவத்துக்குப் போயிருப்பதைச் சொன்னேன்.

"அட, தலைப்பிரசவம் தாய்வீட்லதானுங் சார் பாக்கோணும்? அக்கா எதுக்கு அங்க போனாங்க?"

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம் அந்த அம்மா.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நரிவாலை முழுதாக எடுத்தால் குருத்தில்லாத உச்சி தெரிகிறது. போர்டிகோவில் உட்கார்ந்து பக்கவாட்டில் எடுத்தால் ஓலை மட்டும்தான் தெரிகிறது. எட்டு ஓலையும் பச்சை. அனுப்பினேன். "நல்லா இருக்குதுங்க" என்று பதில் வந்தது. செய்தது பொய் இல்லை. ஓலை பச்சையாகத்தான் இருக்கிறது.

நான் தினமும் ஒரு ஃபோட்டோ அனுப்புகிறேன். அவள் ஒன்றுகூட அனுப்பியதில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. எனக்கு என்ன வேலை நாள், என்ன விடுமுறை. மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை என்பது பால்காரரிடம் "நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்று சொல்லும்போது தெரிந்தது. தொண்டை கரகரத்தது. அவர் "உடம்பு சரியில்லீங்ளா?" என்றார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

லேடி பாமில் மாவுப்பூச்சி. ஒவ்வொரு ஓலையையும் மடியில் வைத்து, வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து பஞ்சால் துடைத்தேன். காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை. கை வேலை செய்துகொண்டிருந்தால் மனம் தன்பாட்டில் எங்காவது போய்விடுகிறது.

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

அந்த நரிவால் பனையைத் தமயந்தி வாங்கவில்லை. காலேஜில் படிக்கும்போது மகள் மதுதான் மலர்க் கண்காட்சியிலிருந்து ஒரு சாண் கன்றாக வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அந்தப் பையனோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றபோது அது அவள் தோள் உயரம் இருந்தது. நான் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, "யாரு வேணும்?" என்று கேட்டேன். வேற்று சாதி, வேற்று மதம், வேற்று மொழி என்று மூன்றையும் அடுக்கினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் இருபது நிமிடம் வெயிலில் நின்றார்களாம். தமயந்தி போர்டிகோவில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். என்னை மீறி அவள் கேட்டைத் திறக்கவில்லை. அதற்காக அவள் என்னை மன்னித்தாளா, தன்னை மன்னித்தாளா, தெரியாது. நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

நான்கு வருடமாக அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போய் வந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. அது நன்றாகத்தான் வளர்ந்தது. இந்த ஜூன் மாதம்தான் அதைத் தொட ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மூன்று மாதம் முடிந்தது. வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்தேன். தமயந்தி கூப்பிட்டாள். "இப்ப வர முடியாதுங்க. பாப்பாவுக்கு இன்னும் கழுத்தே நிக்கல. பாலு சரியா குடிக்க மாட்டேங்குது. இவளும் சும்மா சும்மா அழுவுறா. பிரசவம் ஆனவங்களுக்கு அப்பிடி வருமாம், டாக்டரு சொன்னாங்க. ஒத்தையில விட்டுட்டு வர பயமா இருக்குது."

"மாப்பிள்ளை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அந்தச் சொல் எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை.

"அவரு ஷிப்ட்டு வேலைங்க. பாவம், முடிஞ்சத பாக்கறாரு."

செப்டம்பர் 15, ஞாயிறு

நரிவாலின் கீழ் ஓலை இரண்டு பழுக்க ஆரம்பித்துவிட்டன. பக்கவாட்டிலிருந்து எடுத்தாலும் தெரிகிறது. ஃபோட்டோ எடுத்தேன், அழித்தேன், எடுத்தேன். கடைசியில் ஸ்டூல் மேல் ஏறி, குருத்து இருந்த இடத்தில் இருக்கும் ஓட்டையை நேராக எடுத்து அனுப்பினேன். உடனே ஃபோன் செய்தேன்.

"நரிவால் போச்சு. நான்தான் தலையில தண்ணி ஊத்திக் கெடுத்தேன். ஒன்றரை மாசம் ஆச்சு. மறைச்சு மறைச்சு ஃபோட்டோ அனுப்பினேன்."

"தெரியுமுங்க," என்றாள்.

"எப்போ?"

"ஆவணி பொறந்ததுமே தெரியும். மாசம் ஒரு ஓலை விரியுங்க அதுல. தெனம் எட்டு ஓலையே வந்துட்டு இருந்தா நான் என்ன குருடியா?"

"ஏன் கேட்கவில்லை?"

"நீங்களா சொல்லுவீங்ளான்னு பாத்தேன்." என்றாள். "முப்பத்தி மூணு வருசத்துல நான் கெடுத்தேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லி நான் கேட்டதில்லீங்க. மது கிட்டயும் இதச் சொல்லுவீங்ளா?"

பனை போனதைத்தான் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டால் எனக்கு வசதி. அவள் கேட்டது அதை இல்லை. பார்க்கலாம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மதுவின் நம்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன். அரேகாக்களை மாற்றினேன், வலைக்கு அடியில். வெந்துபோன மூன்றிலும் புது ஓலை வந்திருக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

காலை பதினொன்றுக்குப் பேசினேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ஹலோ" என்றாள். என் நம்பர் அவளிடம் இருக்கிறதா, இல்லையா? தெரியவில்லை.

"அப்பா பேசறேன்."

"சொல்லுங்கப்பா." சாதாரணமாகச் சொன்னாள். பால்காரரிடம் சொல்வது மாதிரி.

நான் நரிவாலைப் பற்றிச் சொன்னேன். குருத்து, துளசிமணி சொன்னது, நான் ஃபோட்டோ எடுத்த விதம் எல்லாம். அரேகா வெந்ததைச் சொன்னேன். மாவுப்பூச்சியைச் சொன்னேன். வேறு எதையும் பேசத் தெரியாதவன் மாதிரி பதினோரு நிமிடம் பனையே பேசினேன். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு நான் பண்ணினது தப்பு, மது. பெரிய தப்பு. நீ பையனையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வீட்டுக்கு வா."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. அவள் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க சொன்னதே போதுமுங்கப்பா," என்றாள். "ஆனா நான் வரலீங்க. நீங்க அன்னிக்குப் பேசினதெல்லாம் மறந்துட்டேன். நெசமா மறந்துட்டேன். நின்னுட்டு இருந்தது மட்டும் மறக்க மாட்டேங்குது. வருவனோ என்னமோ, இப்ப முடியாதுங்க."

"சரி கண்ணு."

"அம்மாவ அனுப்பி வெக்கறேன். நீங்க ஒத்தையில கெடக்கறத நெனச்சு அவங்களுக்குச் சோறே எறங்கறதில்ல. வெளிய சொல்ல மாட்டாங்க. நான் சமாளிச்சுக்குவேன்."

வைத்த பிறகு போர்டிகோவில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வருவாள் என்று நினைத்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓடி வருவாள் என்றுதான் நான்கு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை, அவ்வளவுதான் குறை என்று. நெஞ்சு வலித்தது. டாக்டரிடம் போகிற வலி இல்லை.

அக்டோபர் 2, புதன்

தமயந்தி திங்கட்கிழமை காலை வருகிறாள். முதல் பஸ். டிக்கெட் எங்கே எடுப்பது என்றுகூட மது சொல்லிக்கொடுத்தாளாம், ஏதோ அம்மா இதற்கு முன் பஸ் ஏறாதவள் மாதிரி.

எனக்குச் சந்தோஷம்தான். இல்லையென்று சொன்னால் பொய்.

அக்டோபர் 5, சனி

ஹால் ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன். செத்துப்போன நரிவாலை ஆள் வைத்து எடுத்து, சிமென்ட் தொட்டியைக் கவிழ்த்து வைத்தாயிற்று. மீதி பதினெட்டும் நன்றாக இருக்கின்றன. கருவியில் பேட்டரி தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது. விரல்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

மத்தியானம் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊற வைத்தேன். அவள் பயணத்தில் வந்து இறங்கினால் இட்லிதான் கேட்பாள். இரண்டு பேருக்கு அளவு தெரியாமல் படி கூடிவிட்டது.

நாலு மணிக்கு எத்தனை மணி பஸ் என்று கேட்கக் கூப்பிட்டேன். தமயந்தி ஃபோனை எடுத்து எங்கோ வைத்துவிட்டாள் போல. பேச்சே வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. குழந்தை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. மது, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டிப்போன குரல். கொஞ்ச நேரத்தில் அதுவும் அழுகையாகிவிட்டது. அப்புறம் தமயந்தியின் குரல், "இங்க குடு. நீ போய்ப் படு கண்ணு. குடு, அம்மா பாத்துக்கறேன்." ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இரண்டு அழுகையும் அடங்கின.

நான் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஹலோ, ஏனுங்க, லைன்லதான் இருக்கீங்ளா? அஞ்சே முக்கால் பஸ்ஸுங்க. ஏழரைக்கெல்லாம்..."

"நீ வர வேண்டாம்."

"ஏனுங்க? கோவமா?"

"கோவமில்ல. நீ இல்லாட்டி அவ நாளைக்கு எப்படிப் பார்ப்பா? அங்கயே இரு."

குழந்தையைத் தோள் மாற்றுகிற சத்தம் கேட்டது.

"மது கேட்டா நான் சொன்னதாச் சொல்லாதே. உனக்கே வர மனசில்லைன்னு சொல்லிரு."

"எத்தன நாளைக்குங்க?"

"அவ போதும்ங்கற வரைக்கும்."

"அப்ப நீங்க?"

"நான் இருக்கறேன்."

தமயந்தி அழுதாள். வைத்த பிறகு நானும் அழுதேன், யாரும் பார்க்காததால் நன்றாகவே அழுதேன்.

ஊற வைத்த அரிசியைக் கொட்ட முடியாது. இப்போது அரைத்து வைத்தால் எனக்கு நாலு நாள் வரும்.